பெங்களூரிலிருந்து சிற்றலை கேட்போருக்கு: மேல்வளிமண்டலம் வானொலி அலைகளை நடத்தும் விதம் – முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி வானொலி நிலையம் மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸில், 200 கிலோவாட் ஆற்றலுடன் ஒலிபரப்புகிறது. பெங்களூரிலிருந்து அது ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நண்பகலில் அல்சூரிலோ கோரமங்களாவிலோ அமர்ந்து அந்த எண்ணுக்கு ரேடியோவைத் திருப்பினால் இரைச்சலைத் தவிர எதுவும் கிடைப்பது அரிது. இருட்டிய பிறகு, ஒலிபரப்பு நடக்கும் வேளையில், அதே ரேடியோவில் அதே நிலையம் ஏறி இறங்கியபடி கேட்கத் தொடங்குகிறது. நிலையத்தின் ஆற்றலோ உங்கள் ஏரியலோ மாறவில்லை. மாறியது நம் தலைக்கு மேலே 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காற்று மட்டுமே.

அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டு, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எந்தத் திசை கேட்கும் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லும் நிலைக்கு வர இந்த வழிகாட்டி உதவும். சிற்றலை கேட்பவர்களுக்கும், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்களுக்கான உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட விரும்புகிறேன். இத்துறையில் நம் கைக்கு எட்டும் நூல்களும் அட்டவணைகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து எழுதப்பட்டவை. புவிகாந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வாழும் நமக்கு அவற்றின் விதிகள் பாதிதான் பொருந்தும். மீதியை இங்கிருந்தே கேட்டு, குறித்து, கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: மேலே உள்ள அடுக்குகளை அறிந்துகொள்ளுங்கள்

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளிமண்டலத்தில் உள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்கி, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற பகுதியே அயனி மண்டலம். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் பிரிந்த எலெக்ட்ரான்கள் விரைவில் மீண்டும் சேர்ந்துவிடும். மேலே காற்று மெலிந்திருப்பதால் அவை நெடுநேரம் தனித்தே உலவும். அயனி மண்டலத்தின் அன்றாட நடத்தையில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் வரை உள்ளது டி அடுக்கு. அது பகலில் மட்டும் இருக்கும். சூரியன் சாய்ந்ததும் விரைவாகக் கரைந்துவிடும். அது நமக்குப் பயன்படும் வகையில் அலைகளைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு மேல், 110 கிலோமீட்டரை ஒட்டி அமைந்தது ஈ அடுக்கு; அதுவும் இரவில் பெரிதும் வலுவிழக்கும். 150 கிலோமீட்டருக்கு மேலே எஃப் அடுக்கு. பகலில் அது எஃப்1, எஃப்2 என இரண்டாகப் பிரியும், இரவில் ஒன்றாகிவிடும். தொலைதூரச் சிற்றலைக்கு உயிர்நாடி எஃப்2. அதன் அடர்த்தி மிகுந்த பகுதி பொதுவாக 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். இரவு முழுவதும் அது அற்றுப்போவதில்லை என்பதே நமக்கு வாய்த்த நன்மை.

1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து புறப்பட்ட குறிப்பலையை அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, வளைந்த பூமியைச் சுற்றி அலை எப்படிச் சென்றது என்ற கேள்வி எழுந்தது. மறு ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாக, மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். 1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன் தம் உதவியாளர் பார்னெட்டுடன் சேர்ந்து, போர்ன்மவுத் வானொலி நிலையத்தின் அலையை ஆக்ஸ்போர்டில் பிடித்து, நேரே வந்த அலையும் மேலிருந்து வந்த அலையும் கலப்பதை அளந்து, அந்த அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார். இப்பணிகளுக்காக அவருக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இந்த ஆய்வுக்கு வித்திட்டவர் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா. பின்னர் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.பி. மித்ரா அதை வளர்த்தெடுத்தார்.

படி 2: அலை திரும்புவதற்கும் தேய்ந்து மறைவதற்கும் உள்ள காரணத்தைப் பிரித்தறியுங்கள்

அயனி மண்டலம் அலையைச் சட்டென்று மோதித் திருப்புவதில்லை. கோடை வெயிலில் தார்ச்சாலையில் தெரியும் கானல் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி அடுக்கடுக்காக மாறுவதால் ஒளி சிறிது சிறிதாக வளைந்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. எலெக்ட்ரான் அடர்த்தி படிப்படியாகக் கூடும் எஃப் அடுக்கிலும் வானொலி அலை அப்படியே வளைந்து, ஒரு கட்டத்தில் கீழ்நோக்கித் திரும்புகிறது. அதிர்வெண் கூடக்கூட வளைவு குறையும். ஓர் எல்லைக்கு மேல் அலை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும்.

செங்குத்தாக மேலே அனுப்பினாலும் திரும்பி வரக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். ஒரு கன மீட்டரில் உள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 9 ஆல் பெருக்கினால், அது ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஒரு கன மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருந்தால் வர்க்கமூலம் பத்து லட்சம்; ஆகவே மாறுநிலை அதிர்வெண் 9 மெகாஹெர்ட்ஸ். அயனோசோண்ட் என்ற கருவி செங்குத்தாகத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இதை நேரடியாக அளக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் இத்தகைய கருவி பல்லாண்டுகள் இயங்கியது.

அலை தேய்ந்து மறைவது வேறு கதை. டி அடுக்கில் அலையால் ஆட்டப்படும் எலெக்ட்ரான்கள் அங்குள்ள அடர்ந்த காற்றின் மூலக்கூறுகள் மீது மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. இந்த இழப்பு, தோராயமாக, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 14 மெகாஹெர்ட்ஸைவிட 7 மெகாஹெர்ட்ஸுக்கு நான்கு மடங்கு இழப்பு. மத்திய அலைக்கு இழப்பு மிகக் கடுமையாவதால், தூத்துக்குடி நிலையம் பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையின் எல்லைக்குள் மட்டும் கேட்கிறது. டி அடுக்கு கரைந்ததும் அலை மேலே சென்று திரும்பிப் பெங்களூரை எட்டுகிறது.

எனவே எந்த நேரத்திலும் உங்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மேலெல்லையை எஃப் அடுக்கு வகுக்கிறது. அதைத் தாண்டினால் அலை திரும்பாது. கீழெல்லையை டி அடுக்கு வகுக்கிறது. அதற்குக் கீழே போனால் அலை வழியிலேயே தேய்ந்துவிடும். இவற்றுக்கு இடையே, மேலெல்லைக்குச் சற்றுக் கீழாக இருப்பதே சிறந்த இடம். மேலெல்லையில் 85 விழுக்காடு என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. இதை மனத்தில் இருத்தாமல் ஆற்றலைக் கூட்டுவதும் ஏரியலை மாற்றுவதும் பெரும்பாலும் வீண் முயற்சி என்பது என் உறுதியான கருத்து.

படி 3: உங்கள் பாதைக்குக் கணக்குப் போடுங்கள்

அலை சாய்வாகச் செல்லும்போது, மாறுநிலை அதிர்வெண்ணைவிட உயர்ந்த அதிர்வெண்ணும் திரும்பி வரும். சாய்வு கூடக்கூட மேலெல்லையும் உயரும். எவ்வளவு உயரும் என்பதை, எஃப் அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், மாறுநிலை அதிர்வெண் 8 மெகாஹெர்ட்ஸ் என்றும் வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து மூன்று பாதைகளுக்குப் பார்ப்போம்.

டெல்லி ஏறத்தாழ 1740 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரே தாவலில், அதாவது ஒருமுறை மட்டும் மேலேறித் திரும்பி, அங்கே செல்ல, அலை தொடுவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரத்தில் புறப்பட வேண்டும். அது அடுக்கைச் சந்திக்கும் சாய்வின்படி, மாறுநிலை அதிர்வெண்ணைப் பெருக்கும் எண் 2.6 ஆகிறது, மேலெல்லை 21 மெகாஹெர்ட்ஸ். அதில் 85 விழுக்காடு ஏறத்தாழ 18 மெகாஹெர்ட்ஸ். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஐயமின்றி வேலை செய்யும்.

சென்னையோ வெறும் 290 கிலோமீட்டர். அங்கே செல்ல அலை 63 பாகையில், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, மேலேறித் திரும்ப வேண்டும். பெருக்கும் எண் 1.1 மட்டுமே, மேலெல்லை 9 மெகாஹெர்ட்ஸைத் தொடவில்லை. ஆகவே டெல்லியோடு தெளிவாகப் பேசும் 14 மெகாஹெர்ட்ஸில் சென்னை கேட்காது. 7 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். தென்னிந்திய ஹாம்கள் காலை வேளைகளில் 7 மெகாஹெர்ட்ஸில் கூடிப் பேசுவதற்கு இதுவே அடிப்படை. இப்பாதைக்குத் தாழ்வாகக் கட்டிய கிடைமட்டக் கம்பியே உகந்தது, ஏனெனில் அது அலையை மேல்நோக்கி அனுப்பும்.

கொழும்பு இவற்றுக்கு இடைப்பட்டது: சுமார் 720 கிலோமீட்டர். மேற்சொன்ன நிலையில் 14 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு உள்ளே எங்கும் தரையிறங்காது. நிலத்தை ஒட்டிய அலை சில பத்துக் கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். இடையில் உள்ள பகுதிக்கு மௌன வலயம் என்று பெயர். கொழும்பு அதற்குள் விழுகிறது. அதே நாளில் மாறுநிலை அதிர்வெண் 12 மெகாஹெர்ட்ஸாக உயருமானால், மௌன வலயம் சுமார் 350 கிலோமீட்டராகச் சுருங்கி, கொழும்பு திடீரெனக் கேட்கத் தொடங்கும். அருகிலுள்ள ஊர் கேட்காமல் தொலைவிலுள்ள ஊர் கேட்பதைக் கண்டு கருவியில் கோளாறு என்று முடிவுகட்டுபவர்கள் பலர். மௌன வலயம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்தால் ஐயம் தீரும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அலை திரும்பும் இடம் பாதையின் நடுப்புள்ளி என்பது. டெல்லிப் பாதையில் உங்களுக்குத் தேவையானது மகாராஷ்டிரத்தின் அமராவதி, அகோலாப் பகுதிக்கு மேலுள்ள வானம். சென்னைப் பாதைக்கு வேலூருக்கு மேலே. கொழும்புப் பாதைக்குச் சிவகங்கைப் பக்கம். பெங்களூரில் மழை கொட்டுகிறதா, வெயிலடிக்கிறதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மழை மேகங்கள் 20 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மின்னலின் இரைச்சலை மட்டுமே அவை கொண்டுவரும்.

எஃப் அடுக்கின் வழியாக ஒரு தாவலில் செல்லக்கூடிய உச்ச தூரம் ஏறத்தாழ 4000 கிலோமீட்டர். ஈ அடுக்கின் வழியாக அதில் பாதி. அதற்கு அப்பால் அலை தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் எழ வேண்டும். உப்புநீர்க் கடல் அலையை நன்றாகத் திருப்பும். வறண்ட நிலம் அவ்வளவு திருப்பாது. இந்தியப் பெருங்கடல் மீதான பாதைகள் நமக்குக் கைகொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: நம் வானத்தின் தனித்தன்மையைக் கணக்கில் சேருங்கள்

புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு, அதாவது புவிகாந்த நடுக்கோடு, தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. பெங்களூர் அதற்கு வடக்கே சில பாகைகளே தள்ளி இருக்கிறது. மும்பை இன்னும் வடக்கே, டெல்லி வெகு வடக்கே. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பா, இந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வு மையம் ஒன்றை நடத்துவதும் இதே காரணத்தால்தான்.

இக்கோட்டின் மேலே பகலில் 105 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அங்குள்ள மின்புலமும் படுத்திருக்கும் காந்தப்புலமும் சேர்ந்து, எஃப் அடுக்கில் உள்ள எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் மேலே தூக்குகின்றன. மேலேறியவை காந்தப்புலக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து, நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 முதல் 20 காந்தப் பாகை தள்ளி இரண்டு பட்டைகளாகக் குவிகின்றன. அகமதாபாத், போபால், கொல்கத்தா ஆகிய ஊர்கள் வடக்குப் பட்டையின் அடியில் இருக்கின்றன. பூமியிலேயே எலெக்ட்ரான் அடர்த்தி மிக உயர்ந்த இடங்களில் அவையும் அடங்கும்.

இதனால் நடைமுறையில் விளைவது என்ன? வெயில் உச்சியில் இருக்கும்போது அடர்த்தியும் உச்சத்தில் இருக்கும் என்று மேலைநாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் நடுக்கோட்டுப் பகுதியிலோ, எலெக்ட்ரான்கள் வெளியே இறைக்கப்படுவதால், நண்பகலை ஒட்டி எஃப்2 அடுக்கின் அடர்த்தி ஒரு பள்ளத்தில் விழுகிறது. முற்பகலில் ஒரு மேடு, பிற்பகலிலும் மாலையிலும் மற்றொரு மேடு. ஆகவே 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை நண்பகலில் கேட்டு ஏமாந்து அணைத்துவிடாமல், பிற்பகல் மூன்று மணிக்குப் பின் மீண்டும் கேளுங்கள். வடக்கு நோக்கிய பாதைகளுக்கோ வேறொரு நன்மை உண்டு: முதல் தாவலின் நடுப்புள்ளி அந்த அடர்ந்த பட்டையின் அருகே விழுவதால், மேலெல்லை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட உயர்வாக அமையலாம். டெல்லியில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் தெற்கே நோக்கும்போது அந்தப் பட்டையைக் கடந்து பார்க்கிறார்கள்.

அந்தி நேரம் நம் வானத்தின் மிகச் சிக்கலான வேளை. தரையில் சூரியன் மறைந்த பிறகும், 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருக்கும். டி அடுக்கு அதற்குள் கரைந்துவிடும். உறிஞ்சல் போய், எஃப் அடுக்கு மட்டும் ஒளியுடன் எஞ்சும் இந்தக் குறுகிய வேளையில் தாழ்ந்த அதிர்வெண்களில் தொலைதூர நிலையங்கள் வியக்கத்தக்க வலிமையுடன் வரும். வடநாடுகளில் அந்தி நீளும். நமக்கோ சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் இந்த வாய்ப்பு சட்டென்று கடந்துவிடும். அந்த வேளைக்கு ரேடியோ முன் தயாராக இருப்பது நல்லது.

அதே அந்தியில் எஃப் அடுக்கு விரைந்து மேலே தூக்கப்படுகிறது. அடியில் மெலிந்த பகுதியும் மேலே அடர்ந்த பகுதியும் அமைந்த அந்நிலை நிலையற்றது. அடியிலிருந்து மெலிந்த குமிழ்கள் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறுகின்றன. அவற்றின் வழியே வரும் சிற்றலைக் குரல் நடுங்கும். நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கி, நீருக்கடியிலிருந்து பேசுவது போல் ஒலிக்கும். இது உங்கள் ரேடியோவின் பழுதன்று. நம் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியனின் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரை இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

இந்தக் குமிழ்கள் சிற்றலையோடு நிற்பதில்லை. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜிபிஎஸ் குறிப்பலை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வந்தாலும், எலெக்ட்ரான்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. ஒரு சதுர மீட்டர் தூணில் பத்தாயிரம் லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருந்தால் 16 சென்டிமீட்டர் பிழை. நம் வானத்தில் அதைப்போல் நூறு மடங்கு இருப்பதும் உண்டு. பிழை 16 மீட்டர். விமானங்களுக்கு இது ஏற்கத்தக்கதன்று. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தரும் ககன் அமைப்புக்கு, நம் நாட்டுக்கே உரிய அயனி மண்டலத் திருத்தக் கணக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே. அதன் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரின் குந்தலஹள்ளியில் இருக்கிறது.

படி 5: கருவியும் இடமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் விலையுயர்ந்த கருவி இங்கே தேவையில்லை. பேட்டரியில் இயங்கும், ஹாம்களின் குரலைத் தெளிவாக்கும் எஸ்.எஸ்.பி. வசதி உள்ள சிற்றலை ரேடியோ ஒன்றும், ஐந்து முதல் பத்து மீட்டர் வரை நீளமுள்ள உறையிட்ட கம்பியும் போதும், கம்பி எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உண்மையான எதிரி இரைச்சல். எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், லிஃப்ட் மோட்டார் ஆகிய ஒவ்வொன்றும் சிற்றலையில் கரகரப்பைக் கொட்டும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரைச்சல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உங்கள் வீட்டுடையது. மீதி அக்கம்பக்கத்துடையது. கப்பன் பூங்கா போன்ற திறந்தவெளியில் கேட்டு ஒப்பிட்டால், உங்கள் கருவியின் உண்மையான திறன் தெரியும். கேட்பதோடு நில்லாமல் அலை அனுப்பவும் விரும்பினால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெற்றாக வேண்டும்.

படி 6: ஒரு முழு நாளைக் கேளுங்கள்

தேர்ந்தெடுத்த ஒரு நாளில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடங்களை அதே வரிசையில் கேட்க வேண்டும். மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸ். பிறகு 49, 41, 31, 25, 19, 16 மீட்டர் ஒலிபரப்புப் பட்டைகள். பிறகு 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டைகள். வைகறையில் தாழ்ந்த பட்டைகள் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அவை தேய்ந்து, உயர்ந்த பட்டைகள் ஒவ்வொன்றாக விழிக்கும். மாலையில் அது தலைகீழாக நிகழும்.

ஒலிபரப்பு நிலையங்கள் நேரத்துக்கு நேரம் ஏரியலின் திசையை மாற்றுவதால், அவற்றை மட்டும் நம்பி அயனி மண்டலத்தை எடைபோட முடியாது. நிலையாக ஒலிக்கும் அளவுகோல்கள் தேவை. சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து பிபிஎம் என்ற நேரக் குறிப்பு நிலையம் 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் இயங்குகிறது; இவற்றில் 2.5, 15 இரண்டும் நாளின் ஒரு பகுதியில் மட்டுமே ஒலிக்கும். அது நமக்குச் சுமார் 4000 கிலோமீட்டர், அதாவது ஒரு தாவலின் விளிம்பு. ஒரே பாதையில் நான்கு அதிர்வெண்கள் இருப்பதால், எது கேட்கிறது என்பதைக் கொண்டே அப்பாதையின் கீழெல்லையையும் மேலெல்லையையும் உடனே மதிப்பிடலாம். 10, 15 இரண்டும் கேட்டு 5 கேட்காவிட்டால் டி அடுக்கு வேலை செய்கிறது. 5 மட்டும் கேட்டால் மேலெல்லை இறங்கிவிட்டது.

ஹாம் பட்டைகளில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு ஒன்று உண்டு. உலகெங்கும் 18 இடங்களில் நிறுவப்பட்ட பீக்கன்களின், அதாவது தாமாகவே குறிப்பலை அனுப்பும் நிலையங்களின், வலையமைப்பு 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ்களில் முறைவைத்து ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது. மூன்று நிமிடச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பியபின், நான்கு நீள ஒலிகளை 100, 10, 1, 0.1 வாட் என இறங்கும் ஆற்றலில் அனுப்பும். எத்தனை ஒலிகள் உங்களுக்குக் கேட்கின்றன என்று எண்ணினாலே பாதையின் தரம் தெரிந்துவிடும். பாதை நன்றாகத் திறந்திருக்கும்போது கால்வாட்டுக்கும் குறைந்த அந்தக் கடைசி ஒலியும் கடல்களைத் தாண்டிக் கேட்கும். ஆற்றலைவிட நேரமும் அதிர்வெண்ணும் முதன்மையானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலங்கையின் 4எஸ்7பி, கென்யாவின் 5இசட்4பி, இஸ்ரேலின் 4எக்ஸ்6டியு ஆகியவை இவ்வலையமைப்பில் நமக்கு அருகானவை. ஏதேனும் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருப்பதும் உண்டு என்பதால், ஒன்றின் மௌனத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 7: சூரியனைப் பற்றிய மூன்று எண்களைப் பாருங்கள்

அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் நாள்தோறும் வெளியிடும் எண்களில் மூன்று போதும். முதலாவது, சூரியப் பாயம், அதாவது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியனிலிருந்து வரும் வானொலி ஆற்றலின் அளவு. சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அது 70ஐ ஒட்டியும், ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தில் 200க்கு மேலும் இருக்கும். அது உயர்ந்தால் எஃப்2 அடர்த்தியும், அதனுடன் மேலெல்லையும் உயரும். இது ஒரே நாளில் விளைவு காட்டும் எண்ணன்று. சில நாட்கள் தொடர்ந்து உயர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எக்ஸ் கதிர் வகுப்பு. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் வந்து, பகலில் இருக்கும் பாதி உலகின் டி அடுக்கைத் தடிக்கச் செய்கின்றன. நடுத்தர வெடிப்பான எம்1 வகுப்பில் சிறு தேய்வு. வலிய வெடிப்பான எக்ஸ்1 வகுப்பில் சிற்றலை பரந்த பகுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அற்றுப்போகும். தாழ்ந்த அதிர்வெண்கள் முதலில் மறைந்து கடைசியில் மீளும். ஆகவே இந்நேரத்தில் அதிர்வெண்ணை ஏற்றுங்கள். இரவில் இருக்கும் பாதைகளுக்கு எதுவும் ஆகாது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தில், பெங்களூரின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் உருவாக்கிய கருவிகள் இந்த எக்ஸ் கதிர்களைத்தான் கண்காணிக்கின்றன. அதன் முதன்மைக் கருவியான சூரிய ஒளிவட்ட வரைவி கோரமங்களாவைத் தலைமையகமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் படைப்பு.

மூன்றாவது, புவிகாந்தக் கலக்கத்தைக் காட்டும் கேபி எண். 0 முதல் 9 வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. 5ஐ எட்டினால் காந்தப்புயல். சூரியன் வீசிய மின்மத் திரள் வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால், இதற்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும். புயலின்போது ஐரோப்பா, ஜப்பான் போன்ற நடு அட்சப் பாதைகளில் எஃப் அடுக்கு மெலிந்து மேலெல்லை இறங்கும். எனவே அதிர்வெண்ணை இறக்குங்கள். வெடிப்புக்குச் செய்வதற்கு இது நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். நம் தென்திசைப் பாதைகள் சில புயல்களில் மேம்படுவதும் உண்டு என்பதால், புயலன்று ரேடியோவை மூடிவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

2024 மே 10, 11 நாட்களில் கேபி எண் 9ஐத் தொட்டது. 2003க்குப் பின் அப்படி ஒரு புயல் வரவில்லை. அப்போது வானில் தோன்றிய செவ்வொளி லடாக்கின் ஹான்லே ஆய்வகத்திலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அதைவிடப் பெரியது 1859 செப்டம்பரில் வந்தது. மும்பையின் கொலாபா காந்த ஆய்வகம் அதைப் பதிவுசெய்திருக்கிறது. நடுக்கோட்டுக்கு அருகிலான பதிவு என்பதால் உலக ஆய்வாளர்கள் இன்றும் அதை நாடுகிறார்கள்.

படி 8: அயனி மண்டலம் செய்யாததை அதன் கணக்கில் எழுதாதீர்கள்

மும்பையில் இருப்பவர்கள் கோடையில் பண்பலை வரிசையில் அரபிக்கடலுக்கு அப்பாலுள்ள நிலையங்களைக் கேட்பதுண்டு. பெரும்பாலும் அது தரைக்கு அருகில், கடல்மேல் ஈரக்காற்றின் மீது வெப்பமான வறண்ட காற்று படர்வதால் உருவாகும் குழாய் போன்ற பாதையின் விளைவு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மும்பையில் இருந்த ரேடார், அரேபியக் கரையின் எதிரொலியைப் பெற்றதும் இதனால்தான். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை எஃப் அடுக்கு திருப்புவதில்லை. ஈ அடுக்கில் அவ்வப்போது தோன்றும் அடர்ந்த திட்டுகள் மட்டும் அரிதாகத் திருப்பும். மணிக்கணக்கில் நிலையாக நீடித்தால் கீழ்க்காற்று, சில நிமிடங்களில் சட்டென்று தோன்றி மறைந்தால் ஈ அடுக்கு என்று முதற்கட்டமாகக் கொள்ளலாம்.

படி 9: குறித்து வையுங்கள்

ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், நிலையம், வலிமை, நடுக்கம் இருந்ததா இல்லையா, அன்றைய மூன்று சூரிய எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் உலகப் பொது நேரம். வலிமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போதும். கேட்காததையும் தவறாமல் எழுத வேண்டும். "10 மெகாஹெர்ட்ஸில் பிபிஎம் இல்லை" என்ற வரி, கேட்ட வரிக்குச் சமமான மதிப்புடையது. சூரியன் தன்னைத் தானே சுற்றும் காலம் பூமியிலிருந்து பார்க்க ஏறத்தாழ 27 நாட்கள் என்பதால், நீடிக்கும் கரும்புள்ளிக் கூட்டங்களும் காந்தக் கலக்கங்களும் அந்த இடைவெளியில் மீண்டும் வருவதுண்டு. நாளை மாலை எந்தப் பட்டையில் அமர்வது என்று முடிவுசெய்யும் முன், குறிப்பேட்டில் இன்றைக்கு 26 நாட்களுக்கு (நாளையிலிருந்து எண்ணினால் 27) முந்தைய பக்கத்தைத் திறந்து, அன்று மாலை ஆறு முதல் எட்டு மணி வரை எந்தப் பட்டை எந்தத் திசைக்குத் திறந்திருந்தது என்று பாருங்கள். முதலில் அந்தப் பட்டையிலிருந்தே தொடங்குங்கள்.